தண்டர்பேர்டில் பழைய மின்னஞ்சல்களை ஒதுக்கி வைப்பது எப்படி?

குமுளி வாசகர்: ஏலக்காய் வியாபாரத்துக்காகப் பத்தாண்டுகளாகத் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். போடிக்கும் வண்டன்மேட்டுக்கும் அனுப்பிய விலைப்பட்டியல்கள் எல்லாம் இன்பாக்ஸிலேயே கிடப்பதால், அதைத் திறக்கவே வெகுநேரம் பிடிக்கிறது. ஆயிரக்கணக்கில் அழித்தும் வட்டில் இடம் மிச்சமாகவில்லையே, ஏன்?

கம்பம் வாசகர்: ஐயா, தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு கோப்புறையின் அஞ்சல்கள் முழுவதையும் ஒரே கோப்பில் எழுதி வைப்பதால், அழித்தவை கண்ணுக்கு மறைந்தாலும், ‘காம்பேக்ட்’ கொடுத்துச் சுருக்கும் வரை அக்கோப்பிலேயே தங்கியிருக்கும். சுருக்கிய பிறகு, பழையவற்றைத் தேர்ந்தெடுத்து ‘ஏ’ விசையை அழுத்தினால், அவை ஆண்டுவாரியாக ‘ஆர்க்கைவ்ஸ்’ கோப்புறைக்குப் போய்விடும்.

செங்கோட்டை வாசகர்: முதலில், அஞ்சல்களும் அமைப்புகளும் சேமிக்கப்பட்டிருக்கும் புரொஃபைல் கோப்புறையை வெளிவட்டில் நகலெடுத்துவிடுங்கள். அஞ்சல்களைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் கணக்கிலிருந்து, நம் கணினியில் மட்டுமே இருக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ பகுதிக்கு நகர்த்திய அஞ்சல் சர்வரிலிருந்து நீங்கிவிடும் என்பதை அறியாமல், வட்டு பழுதானபோது என் 2016ஆம் ஆண்டுக் கணக்குகள் முழுவதையும் இழந்தேன்.

குமுளி வாசகர்: நகலெடுத்துச் சுருக்கினேன்; இன்பாக்ஸ் உடனே திறக்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி.