மாங்கோடிபி அக்ரிகேட்: ரகவாரியாக நெல்லைக் கூட்டினால் மொத்தம் 0 வருகிறது

பாமணிக்கரை (கேள்வி):

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா நெல் மண்டி வைத்திருக்கிறார். எடை போட்டதும் சீட்டில் எழுதாமல் கைபேசியிலேயே பதிய, பிஎச்பி மொழியில் ஒரு சின்னப் பக்கம் செய்துகொடுத்தேன். தகவல் எல்லாம் மாங்கோடிபி தரவுத்தளத்தில் இருக்கிறது. ஒரு எடைக்கு ஒரு டாக்குமெண்ட் (பதிவு): விவசாயி, ஊர், ரகம், மூட்டை, எடை, தேதி. சித்தப்பா திறந்து பார்த்தாலும் புரிய வேண்டும் என்று ஃபீல்டு பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன்.

தாளடி அறுவடை முடிவதற்குள் 867 டாக்குமெண்ட் சேர்ந்துவிட்டது. ரகவாரியாக எத்தனை கிலோ என்று வேண்டும். முதலில் ஒரு பழைய பாடத்தைப் பார்த்து கலெக்‌ஷனின் குரூப் முறையைக் கூப்பிட்டேன். அப்படி ஒரு முறையே இல்லை என்றது. பிறகு அக்ரிகேட்டில் (தகவலைப் படிப்படியாகத் தொகுக்கும் வசதி) குரூப் என்ற படியை எழுதினேன். எதை வைத்துப் பிரிப்பது என்று சொல்லும் ஐடிக்கு "$ரகம்", மொத்தத்துக்கு "$எடை"யின் சம் (கூட்டல்), எண்ணிக்கைக்கு 1-இன் சம். ஒரே ஒரு வரிதான் வருகிறது: ரகம் காலி, மொத்தம் 0, எண்ணிக்கை 867. பிழைச் செய்தி எதுவும் இல்லை. இரண்டு இரவாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அரசலாறு:

தம்பி, அந்தப் பழைய பாடத்தை விட்டுவிடுங்கள். அது பழைய டிரைவர் (பிஎச்பியை மாங்கோவோடு இணைக்கும் நிரல்) காலத்தது. குரூப் கட்டளையை சர்வரிலும் 4.2 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அக்ரிகேட்தான் சரியான வழி.

ஃபீல்டு பெயரை எந்த மேற்கோளில் எழுதினீர்கள்? நீங்கள் இங்கே போட்டிருப்பது போலவே இரட்டை மேற்கோள் என்றால் காரணம் அதுதான். இரட்டை மேற்கோளுக்குள் டாலர் வந்தால் பிஎச்பி அதைத் தன் மாறி என்று நினைத்து மதிப்பைத் தேடும். மாறிப் பெயர் தமிழில் இருந்தாலும் பிஎச்பி ஏற்றுக்கொள்ளும், அதனால் "$ரகம்" தப்பிக்காது. அப்படி ஒரு மாறி இல்லாததால் காலிச் சரம் (எழுத்தே இல்லாத உரை) ஆகிவிடும். மாங்கோவுக்குப் போய்ச் சேர்வது வெறும் காலி. 867-ம் ஒரே காலிக் குழுவில் விழும். காலியைக் கூட்டினால் 0.

'$ரகம்', '$எடை' என்று ஒற்றை மேற்கோளில் எழுதுங்கள். உங்கள் சர்வரில் எச்சரிக்கைகளைத் திரையில் காட்டுவதை அணைத்திருப்பார்கள். எழுதும்போது மட்டுமாவது அதைப் போட்டுக்கொள்ளுங்கள், அது முதல் வரியிலேயே சொல்லியிருக்கும்.

பாமணிக்கரை:

அண்ணே, வந்துவிட்டது! இப்போது ரகங்கள் தனித்தனியாக வருகின்றன. ஆனால் கிலோ குறைகிறது. வடுவூர் விவசாயி ஒருவர் போட்ட 31 மூட்டை, 1,860 கிலோ, சீட்டில் இருக்கிறது, டாக்குமெண்டிலும் இருக்கிறது. அவர் பெயரை மட்டும் வடிகட்டிக் கூட்டினால் 0. இதை வைத்துப் பணம் பட்டுவாடா செய்ய முடியாது.

வெண்ணாறு:

நான் சொல்கிறேன். எடை சில டாக்குமெண்டுகளில் எண்ணாகவும் சிலவற்றில் சரமாகவும் இருக்கும். படிவத்திலிருந்து வரும் எல்லாமே பிஎச்பிக்குச் சரம்தான். அப்படியே சேமித்தால் மாங்கோவும் சரமாகவே வைத்துக்கொள்ளும். சம் என்பது எண் அல்லாததைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், குறை சொல்லாது.

ஊகிக்க வேண்டாம், எண்ணிப் பாருங்கள். குரூப்பில் ஐடி இடத்தில் '$எடை'யை டைப் ஆபரேட்டருக்குள் (மதிப்பின் வகையைச் சொல்வது) போட்டு, 1-ஐக் கூட்டுங்கள். எந்த வகையில் எத்தனை என்று வந்துவிடும்.

பாமணிக்கரை:

டபுள் (எண்) 526, ஸ்டிரிங் (சரம்) 341. நடுவில் ஒரு நாள் படிவத்தைத் திருத்தினேன், அதற்கு முன்னால் போட்டதெல்லாம் சரம். எல்லாவற்றையும் எடுத்து பிஎச்பியில் ஃப்ளோட் (தசம எண்) ஆக்கித் திரும்பப் போட்டுவிடட்டுமா?

வெண்ணாறு:

பொறுங்கள். அந்த வடுவூர்க்காரரின் எடை "1,860" என்று காற்புள்ளியோடு இருந்தால் பிஎச்பி ஃப்ளோட் ஆக்கும்போது 1 என்று எடுத்துக்கொள்ளும். காற்புள்ளியைக் கண்டதும் நிறுத்திவிடும். 1,860 கிலோ 1 கிலோ ஆகிவிடும். 0-ஆவது கண்ணில் படும், இது படாது.

முதலில் மாங்கோடம்ப் (தரவுத்தளத்தின் நகல்) எடுத்து வையுங்கள். காற்புள்ளி, 'கிலோ' என்ற சொல், இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எண்ணாக்குங்கள். பழைய ஃபீல்டின் மேலேயே எழுதாமல் 'எடை_கிலோ' என்று புது ஃபீல்டில் போடுங்கள். மாங்கோவின் கன்வர்ட் ஆபரேட்டரில் முடியாதவற்றுக்கு ஆன்எரர் மதிப்பாக நல் (மதிப்பு இல்லை) கொடுத்தால், நல் வந்தவற்றை மட்டும் சீட்டோடு ஒப்பிட்டுக் கையால் திருத்தலாம். கன்வர்ட்டுக்குப் பதில் டூடபுள் என்றால் ஒரு கெட்ட மதிப்பு வந்தாலே மொத்த ஓட்டமும் பிழையில் நின்றுவிடும்.

பாமணிக்கரை:

செய்துவிட்டேன். 341-இல் 9 மட்டும் நல். சித்தப்பா சீட்டுக்கட்டை எடுத்து வாசிக்க வாசிக்க, உட்கார்ந்து திருத்தினோம். வடுவூர்க்காரர் கணக்கு 1,860 சரியாக வருகிறது.

இன்னும் ஒன்று. பொன்மணி ரகம் இரண்டு வரியாக வருகிறது, ஒன்றில் 94 எடை, இன்னொன்றில் 37. எழுத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ட்ரிம் போட்டு ஓர இடைவெளியை நீக்கியும் பார்த்துவிட்டேன்.

அரசலாறு:

இரண்டு பெயரையும் எஸ்டிஆர்லென் போட்டு எத்தனை பைட் என்று அளந்து சொல்லுங்கள்.

பாமணிக்கரை:

ஒன்று 21, இன்னொன்று 24!

அரசலாறு:

சரி, அதேதான். நம் எழுத்துக்கே உரிய சிக்கல் இது. ஆங்கிலத்தில் எழுதிய பாடங்களில் இருக்காது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

'பொ'வில் இருக்கும் ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக எழுதலாம். ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். பொன்மணி முதல் விதத்தில் 7 குறி, 21 பைட். இரண்டாவது விதத்தில் 8 குறி, 24. குரூப் பைட்டைத்தான் பார்க்கும், அதனால் அதற்கு இவை வேறு வேறு ரகம். மண்டியில் இரண்டு பேர் இரண்டு விசைப்பலகையில் அடித்திருப்பார்கள்.

பிஎச்பியில் இன்ட்ல் நீட்சியைப் போட்டு, சேமிப்பதற்கு முன் நார்மலைசர் வழியாக அனுப்புங்கள். எதுவும் சொல்லாவிட்டாலும் அது சேர்த்து எழுதும் வடிவத்துக்குத்தான் மாற்றும். பழையவற்றையும் ஒருமுறை அப்படியே ஓட்டுங்கள். காலுக்குப் பதில் 'ர' போட்டு 'பெரன்மணி' என்று அடித்தது இருந்தால் நார்மலைசர் பிடிக்காது, அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம், சிஆர் 1009 என்று தனி வரி இருக்கிறதா? பொன்மணியும் அதுவும் ஒரே நெல்தானே. பிபிடி 5204-ஐயும் பாதிப் பேர் ஆந்திரா பொன்னி என்றுதான் சொல்வார்கள். அடிக்க விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள்.

பாமணிக்கரை:

இருக்கிறது அண்ணே, சிஆர் 1009 என்று 52 எடை தனியாக நிற்கிறது. சித்தப்பாவிடம் கேட்டேன், "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்றார். பட்டியலாக மாற்றிவிட்டேன். இப்போது பொன்மணி ஒரே வரி, 183 எடை.

வெண்ணாறு:

மாதவாரியாகக் கூட்டுவதற்கு முன் தேதியையும் பார்த்துவிடுங்கள். நம் நேரப்படி பிப்ரவரி 1 நள்ளிரவு என்று சேமித்தது, மாங்கோவில் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் ஜனவரி 31, 18:30 என்று இருக்கும். அப்படியே மாதத்தை எடுத்தால் 1-ஆம் தேதி எடை முழுக்க முந்தைய மாதத்தில் விழும். தேதியைச் சரமாக்கும் இடத்தில் டைம்ஸோன் '+05:30' என்று கொடுங்கள்.

பாமணிக்கரை:

கொடுத்துப் பார்த்தேன். ஜனவரியில் இருந்த 14 எடை பிப்ரவரிக்கு வந்தது. சீட்டுக்கட்டிலும் 1-ஆம் தேதிக்கு 14 சீட்டுதான். நாளைக் காலையில் பட்டுவாடா ஆரம்பிக்கிறோம். இருவருக்கும் மிக்க நன்றி.