டெல் போட்ரோ ஏன் ஒரே ஒரு கிராண்ட்ஸ்லாமோட நின்னாரு?

பேஸ்லைன்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம், நான் டென்னிஸ் பாக்க ஆரம்பிச்சு ரெண்டு வருஷம்தான் ஆகுது. நேத்து அர்ஜென்டினா ஆட்டக்காரர் டெல் போட்ரோவோட 2009 யுஎஸ் ஓபன் ஹைலைட்ஸ் பாத்தேன். செமிஃபைனல்ல நடாலை 6-2, 6-2, 6-2ன்னு துவைச்சு எடுத்துட்டு மறுநாளே ஃபைனல்ல ஃபெடரரை அஞ்சு செட்ல ஜெயிச்சிருக்காரு, அதுவும் ஃபெடரர் அங்க தொடர்ந்து அஞ்சு வருஷம் சாம்பியனா இருந்த நேரம், இவருக்கு வயசு வெறும் 20. அப்புறம் என்னாச்சு? இடது மணிக்கட்டு காயம்னு சொல்றாங்க, ஆனா அவர் வலது கை ஆட்டக்காரர், அடிக்கறதே ஃபோர்ஹேண்ட்லதான், இடது கை போனா அவ்வளவு பாதிக்குமா?

டாப்ஸ்பின்77:
பாதிக்கும் ப்ரோ, ரொம்பவே. முதல்ல 2010ல வலது மணிக்கட்டுல ஆபரேஷன், அதுல இருந்து மீண்டு 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ்ல ஜோகோவிச்சை ஜெயிச்சு வெண்கலம் வாங்கினாரு. 2014, 15ல இடது மணிக்கட்டுல மட்டும் மூணு ஆபரேஷன், அதுதான் ஆளையே முடக்கிடுச்சு. இவரோட ரெண்டு கை பேக்ஹேண்ட்ல (இடது பக்கம் வர்ற பந்தை அடிக்கற ஷாட்) வலது கை கீழ பிடிச்சிருக்கும், மேல இருக்கற இடது கைதான் பந்தைத் தள்ளுறது, டாப்ஸ்பின் ஏத்துறது எல்லாம். ராக்கெட்டை இடது கையில மட்டும் பிடிச்சு ஃபோர்ஹேண்ட் அடிச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட அதே அசைவுதான், மணிக்கட்டு எவ்வளவு வேலை செய்யுதுன்னு புரியும். 2016ல திரும்பி வந்தப்போ அந்தப் பக்கம் வர்ற பந்தையெல்லாம் ஒத்தக் கையால ஸ்லைஸ் போட்டு (பந்தை அடியில வெட்டி விடறது) ஓட்டிக்கிட்டு, ஃபோர்ஹேண்டுக்கு எப்போ ஒண்ணு சிக்கும்னு காத்துக்கிட்டு இருந்தாரு. எதிராளிங்க விடுவாங்களா, அந்த மூலைக்கேதான் அடிச்சாங்க.

பேஸ்லைன்_பையன்:
ஓ இப்பத்தான் புரியுது, நன்றி. அவ்வளவு நாள் ஆடலைன்னா ரேங்கிங் போயிருக்குமே, பெரிய டோர்னமெண்ட்ல எப்படி இடம் கிடைச்சுது?

நெட்_கார்டு:
ஆயிரத்துக்கும் கீழ போயிடுச்சு. ஆனா ஆறு மாசத்துக்கு மேல காயத்தால வெளிய இருந்தா ஏடிபில (ஆண்கள் டென்னிஸ் அமைப்பு) ப்ரொடெக்டட் ரேங்கிங் கேக்கலாம், அதாவது காயம்பட்ட சமயத்துல இருந்த ரேங்க்கை ஒட்டின ஒண்ணு, அதை வச்சு உள்ள நுழையலாம், சீடிங் (டாப் ஆட்டக்காரங்க ஆரம்பத்துலயே மோதாம பிரிச்சு வைக்கறது) மட்டும் கிடைக்காது. அதனாலதான் முதல் ரவுண்ட்லயே பெரிய தலைங்க வந்து மாட்டுவாங்க. ரியோ ஒலிம்பிக்ஸ்ல அதான் ஆச்சு, இவர் ரேங்க் 141, முதல் மேட்ச்சே நம்பர் ஒன் ஜோகோவிச். அன்னிக்கு காலையில வீரர்கள் கிராமத்துல லிஃப்ட்ல 40 நிமிஷம் மாட்டிக்கிட்டு வேற கிடந்தாரு, வெளிய வந்து ரெண்டு செட்டும் டைபிரேக்கர்ல ஜெயிச்சாரு. செமில நடாலையும் ஜெயிச்சு ஃபைனல்ல முர்ரே கிட்ட தோத்து வெள்ளி. முதல் மேட்ச் முடிஞ்சு இவரும் ஜோகோவிச்சும் நெட்ல கட்டிப்பிடிச்சு அழுதது இன்னும் என் கண்ணுல நிக்குது.

ஃபோர்ஹேண்ட்_வெறியன்:
"ஒரே ஒரு ஸ்லாமோட நின்னாரு"ங்கற பேச்சு எனக்குப் பிடிக்கல. அதே 2016 நவம்பர்ல ஜாக்ரெப்ல டேவிஸ் கப் (நாடுகள் அணியா மோதற போட்டி) ஃபைனல், குரோஷியாவோட சிலிச் கிட்ட ரெண்டு செட் பின்தங்கி விரல் வேற உடைஞ்சும் அஞ்சாவது செட் வரை இழுத்து ஜெயிச்சாரு, அடுத்து இவரோட அணியில இருந்த டெல்போனிஸ், குரோஷியாவோட கார்லோவிச்சை ஜெயிச்சாரு. அதுக்கு முன்னாடி நாலு ஃபைனல் தோத்த அர்ஜென்டினாவுக்கு அது முதல் கப். 2018ல இந்தியன் வெல்ஸ் ஃபைனல்ல ஃபெடரருக்கு மூணு மேட்ச் பாயிண்ட் இருந்தும் அதைத் தாண்டி ஜெயிச்சாரு, ரேங்க் 3 வரை போனாரு, யுஎஸ் ஓபன் ஃபைனல் மறுபடி ஆடினாரு. அடுத்த மாசமே ஷாங்காய்ல முழங்கால் சில்லு உடைஞ்சுது, 2019ல அதே கால் மறுபடியும். 2022ல பியூனஸ் அயர்ஸ்ல கடைசி மேட்ச், எதிர்ல நின்னது அதே டெல்போனிஸ்தான். தோத்துட்டு தலையில கட்டியிருந்த பேண்டைக் கழட்டி நெட்ல மாட்டிட்டுப் போனாரு. என்னால அந்த வீடியோவை முழுசா பாக்க முடியல. நீங்க ஜாக்ரெப் மேட்ச்ல இருந்து பாருங்க.

பேஸ்லைன்_பையன்:
அண்ணா சிலிச் மேட்ச் முழுசா கிடைச்சிருச்சு, இப்போ மூணாவது செட் ஓடுது. பேக்ஹேண்டையே கவனிச்சுக்கிட்டு இருக்கேன், நீங்க சொன்ன அந்த ஒத்தக் கை ஸ்லைஸ் எத்தனை தடவ வருதுன்னு எண்ணவே முடியல.