செத்த குட்டியை விட்டு நகராத யானைக்குத் துக்கம் உண்டா?

கூடலூரான்:
போன மழைக்கு எங்கள் எஸ்டேட் ஓடையில் ஒரு குட்டியானை செத்துக் கிடந்தது. தாய் ரெண்டு நாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. தும்பிக்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, காலால் மெல்ல உருட்டியது. கொழுந்து பறிக்கப் போகாமல் லயனிலிருந்து பார்த்த பெண்கள் அழுதுவிட்டார்கள். அது துக்கம் இல்லையென்றால் வேறு என்ன?

குன்னூர் வாத்தியார்:
தம்பி, அழுதது பெண்கள். பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை குளம்பைத் தட்டி விடை சொல்லிக் கணக்குப் போடுவதாக ஊரே நம்பியது. கேள்வி கேட்டவரின் தலையசைவைப் பார்த்துத்தான் அது குளம்பு தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் காட்டினார். குதிரைக்காரர் ஏமாற்றுப் பேர்வழி இல்லை, அவரும் நம்பினார். எனக்குப் பயமே அதுதான்.

பந்தலூர் மல்லி:
அதற்குக் கணக்குத் தெரியாது, சரி. மனமே இல்லை என்றாகிவிடுமா சார்? நாம் கவனிக்காததை அது கவனித்திருக்கிறதே! 2006இல் நியூயார்க் பிராங்க்ஸ் பூங்காவில் மூன்று யானைகளுக்குக் கண்ணாடிச் சோதனை வைத்தார்கள், கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிகிறதா என்று பார்க்க. நெற்றிக் குறியைத் தொட்டுப் பார்த்தது ஹாப்பி மட்டும்தான். மற்ற ரெண்டும் ஃபெயிலா? நாளெல்லாம் மண்ணை வாரிப் பூசிக்கொள்ளும் பிராணிக்கு நெற்றியில் ஒரு பொட்டு பெரிதா என்ன?

குன்னூர் வாத்தியார்:
நல்ல கேள்வி. ஆனால் கேள்வித்தாள் தப்பு என்பதால் எல்லாருக்கும் மார்க் போட முடியாது.

கூடலூரான்:
வடக்கு வங்காளத் தேயிலைத் தோட்டங்களில் செத்த அஞ்சு குட்டிகளை யானைகளே வடிகாலில் கால் மேலாகப் புதைத்திருந்ததாக 2024இல் கட்டுரை வந்ததே?

குன்னூர் வாத்தியார்:
படித்தேன். விழுந்த குட்டியைத் தூக்கப் போய் வடிகால் கரை சரிந்திருக்கலாம்.

மசினகுடி மணி:
என்ன பேச்சு இது! மண் சரியப்போவது யானைக்கு மூணு நாள் முன்னாலேயே தெரியும். ஞானதிருஷ்டி.

பந்தலூர் மல்லி:
தெரிந்தால் அந்தக் குட்டி ஏன் ஓடையில் போனது அண்ணே? நீங்கள் பேசினால் சார் ஜெயித்துவிடுவார்.

குன்னூர் வாத்தியார்:
உணர்வுக்கு வேண்டிய மூளை அமைப்பு பாலூட்டிகளுக்கும் பறவைகளுக்கும் உண்டு என்றது விஞ்ஞானிகள் வெளியிட்ட 2012 கேம்பிரிட்ஜ் பிரகடனம். அதில் எனக்கும் சம்மதம். துக்கம் என்ற நம் சொல் யானைக்குப் பொருந்துமா என்பதுதான் என் சந்தேகம். தம்பி, தாய் திரும்ப அங்கே வந்ததா?

கூடலூரான்:
இந்த வைகாசியில் வந்தது சார், கூட்டத்தோடு. ஓடைக்கரையில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் லயன் பலாவில் ரெண்டு காயை இழுத்துத் தின்றுவிட்டுப் போனது.

குன்னூர் வாத்தியார்:
பலாவுக்காக வந்திருக்கும்.

கூடலூரான்:
ரெண்டுக்கும் வந்திருக்கலாம் சார். எங்கள் ஊரில் காரியத்துக்கு வருகிறவர்களும் சாப்பிட்டுத்தான் போவார்கள்.