இங்கிலாந்துல பொது விவாதத்தை ஆரம்பிச்சு வச்சது மில்டன்தானா, அவருக்கு முன்னாடியே யாராவது இருக்காங்களா?

நூலகமூலை:
வணக்கம் மக்களே. 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து பத்தி கொஞ்ச நாளா படிச்சிட்டு இருக்கேன், எந்தப் புக்கை எடுத்தாலும் எழுத்துச் சுதந்திரம்னு வந்தா நேரா கவிஞர் ஜான் மில்டன்கிட்டதான் போய் நிக்குறாங்க. 1644ல அச்சுக்கு முன்னாடி அனுமதி வாங்கணும்ங்கிறதை எதிர்த்து அரியோபஜிடிகான்னு ஒரு பிரசுரம் எழுதினாரு, அங்கருந்துதான் எல்லாம்ங்கிற மாதிரி. ஆனா அது வந்தப்ப பார்லிமென்ட் பெருசா கண்டுக்கவே இல்ல, அந்த அனுமதியைக் கட்டாயமாக்கி 1643ல போட்ட லைசென்ஸ் உத்தரவும் அப்படியே நீடிச்சுது. அப்போ ஒருத்தர் எழுதினதால நாட்டுல ஜனங்க பேசுற பேச்சே மாறுனது எப்ப, யாரால? படிக்கத் தெரிஞ்சவங்களே கம்மியா இருந்த காலத்துல இது எப்படி நடந்துச்சு? தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

பேப்பர்கட்டு:
நல்ல கேள்வி. என்னைக் கேட்டா 1588ல ஆரம்பிக்கணும்னு சொல்வேன், மார்ட்டின் மார்ப்ரலேட்ங்கிற புனைபெயர்ல வந்த ஏழு பிரசுரங்கள். 1586லயே ஸ்டார் சேம்பர்ங்கிற ராஜாங்க கோர்ட் உத்தரவு போட்டுருச்சு, லண்டனை விட்டா ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு பிரஸ், கேம்பிரிட்ஜ்ல ஒரு பிரஸ், வேற எங்கயும் அச்சடிக்கக் கூடாது, அச்சடிக்கிறதுக்கு முன்னாடி ஆர்ச்பிஷப்போ லண்டன் பிஷப்போ பார்த்து ஓகே சொல்லணும். இந்த நிலைமைல பிஷப்புங்க வேண்டாம்னு சொல்ற பியூரிட்டன் (தீவிர புராட்டஸ்டன்ட்) கோஷ்டி ஒண்ணு பிரஸ்ஸை வண்டில ஏத்தி ஊர் ஊரா, வீடு வீடா ஒளிச்சு வச்சு அச்சடிச்சாங்க. அதுக்கு முன்னாடி இந்த மாதிரி மதச் சண்டை எல்லாம் கனமான பண்டித நடையில போகும். மார்ட்டின் அதைத் தூக்கிப் போட்டுட்டு நாடக மேடைல கிண்டல் பண்ற மாதிரி, பிஷப்புங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாசகர்கிட்ட நேரா பேசுறாரு. முதல் பிரசுரத்துல அச்சடிச்ச இடம் எங்கன்னு போட வேண்டிய இடத்துல “கடல் தாண்டி, ஐரோப்பாவுல, ஒரு கொழுத்த பாதிரியார்கிட்டேருந்து ரெண்டு ஃபர்லாங் தூரத்துல”ன்னு போட்டிருக்கு.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது அடுத்து நடந்ததுதான். வின்செஸ்டர் பிஷப் தாமஸ் கூப்பர் 1589 ஜனவரில தடிமனா ஒரு பதில் புக் போட்டாரு, தலைப்புலயே இங்கிலாந்து ஜனங்களுக்கு அறிவுரைன்னு இருக்கும். யோசிச்சுப் பாருங்க, அதிகாரம் முழுக்கக் கையில இருக்கிற ஒரு பிஷப், தெருவுல ரகசியமா விக்கிற துண்டுப் பிரசுரத்துக்குப் பதில் எழுதுறாரு, அதுவும் ஜனங்களைப் பார்த்து. அந்த நிமிஷமே யாரு சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்ற இடத்துல ஜனங்களை உக்கார வச்சாச்சு. மார்ட்டின் விடுவாரா, லண்டன்ல பீப்பாய் ரிப்பேர் பண்றவங்க தெருவுல கூவிட்டு வர்ற கூவலையே தலைப்பா வச்சு கூப்பருக்குப் பதிலடி கொடுத்தாரு.

அப்புறம் சர்ச் தரப்பும் இறங்கி ஜான் லிலி, தாமஸ் நாஷ் மாதிரி ஜனரஞ்சகமா எழுதுறவங்களைப் பிடிச்சு அதே பாணில எழுத வச்சது. தத்துவவாதி ஃபிரான்சிஸ் பேக்கனுக்கு ரெண்டு தரப்பு மேலயும் கோபம், மத விஷயத்தை நாடக மேடை பாணில பேசுறாங்களேன்னு எழுதி வச்சாரு.

பிரஸ் கடைசில மான்செஸ்டர் பக்கம் 1589 ஆகஸ்ட்ல மாட்டுச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வாரிங்டன்ல வண்டிலேருந்து சாமான் இறக்கும்போது ஈய எழுத்துங்க கீழ கொட்டிருச்சு, பக்கத்துல நின்னவங்க என்னன்னு கேக்க, அச்சடிக்கிற ஹாட்ஜ்கின்ஸ் அதெல்லாம் துப்பாக்கிக் குண்டுன்னு சொல்லிச் சமாளிச்சிருக்காரு. அந்தக் கோஷ்டில இருந்த ஜான் பென்றியை 1593ல வேற எழுத்துகளைக் காரணம் காட்டித் தூக்குல போட்டாங்க.

வைகைக்கரை:
பேப்பர்கட்டு சொல்றது எல்லாம் சரிதான் ஆனா ஒரு வருஷத்துல அடக்கிட்டாங்களே தோழர், அதை ஆரம்பம்னு வேணா சொல்லலாம், நாடே பேசுச்சுன்னு சொல்ல முடியாது. அது 1641க்கு அப்புறம்தான். ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் முட்டிக்கிட்டு அந்த ஜூலைல ஸ்டார் சேம்பரையே ஒழிச்சாங்க, சென்சார் ஆட்டம் கண்டுருச்சு, பிரசுரம் மழையா கொட்டுச்சு. லண்டன் செயின்ட் பால்ஸ் சர்ச் பக்கத்துல புக் கடை வச்சிருந்த ஜார்ஜ் தாமசன் 1640லேருந்து 1661 வரைக்கும் கைக்குக் கிடைச்சதை எல்லாம் சேத்து வச்சாரு, ஏறக்குறைய 22,000, நிறையப் பிரசுரத்துல தேதியும் தன் கையாலயே எழுதி வச்சாரு. எல்லாம் இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அவர்கிட்ட இருந்த அரியோபஜிடிகா பிரதி மில்டனே கொடுத்தது.

ஆனா என் ஆளு பிரசுரம் எழுதிப் போராடின ஜான் லில்பர்ன்தான். 1638ல லைசென்ஸ் இல்லாத புக் விவகாரத்துல ஃப்ளீட் ஜெயில்லேருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரைக்கும் வண்டிக்குப் பின்னாடி கட்டி சாட்டையால அடிச்சுக்கிட்டே இழுத்துட்டுப் போனாங்க, அங்க தண்டனைக் கட்டைல தலையை மாட்டி நிக்க வச்சப்பவும் மனுஷன் பேச்சை நிறுத்தல, கூட்டத்துக்குள்ள பிரசுரத்தைத் தூக்கி வீசினாரு, வாயைக் கட்டித்தான் நிறுத்த முடிஞ்சது. 1649 அக்டோபர்ல தேசத்துரோக கேஸ், எழுதினதுதான் குற்றம், தோத்தா உயிர் போகும். அவரு ஜூரியைப் பார்த்து, நடந்தது என்னங்கிறதுக்கு மட்டும் இல்ல, சட்டம் என்னங்கிறதுக்கும் நீங்கதான் நீதிபதின்னு வாதாடினாரு, ஜூரியும் விடுதலை பண்ணுச்சு. அவர் எழுத்தைப் படிச்சும் கேட்டும் பழகின லண்டன்காரங்கதான் ஜூரில உக்காந்திருந்தாங்கன்றது என் அபிப்பிராயம்.

செம்பருத்தி:
படிக்கத் தெரிஞ்சவங்க கம்மிங்கிற கேள்விக்கு மட்டும் சொல்றேன். 1640கள்ல ஆண்கள்ல சுமார் 30 சதவீதம், பெண்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியும்னு ஆய்வாளர்கள் கணக்குச் சொல்றாங்க. ஆனா அங்க முதல்ல வாசிக்கத்தான் சொல்லிக் கொடுப்பாங்க, எழுதுறது அப்புறம்தான், அதனால கையெழுத்துப் போடத் தெரியாமலே அச்சு எழுத்தை வாசிச்சவங்க நிறையப் பேர் இருந்திருக்கணும். அதோட ஒருத்தர் சத்தமா வாசிக்க பத்துப் பேர் கேக்குறது சாதாரணம், பாட்டுப் பிரசுரங்களை சாராயக் கடைச் சுவத்துல ஒட்டுவாங்க. பெண்களையும் மறந்துடாதீங்க ப்ளீஸ். லில்பர்னை விடச் சொல்லி 1649ல பெண்கள் கூட்டமா போய் பார்லிமென்டுக்கு மனு கொடுத்தாங்க, வீட்டுக்குப் போய் பாத்திரம் கழுவுங்கன்னு பதில் வந்ததா அந்தக் காலத்துச் செய்தித்தாள்லயே இருக்கு. அடுத்த மாசமே மறுபடி மனு போட்டாங்க, நாட்டோட சுதந்திரத்துல ஆண்களுக்கு இருக்கிற அக்கறை எங்களுக்கும் சமமா இருக்குன்னு. எனக்கு மில்டனை விட அந்த மனுதான் பெருசு.

நூலகமூலை:
அருமைங்க எல்லாரும். அப்போ மில்டன் சும்மா பேருக்குத்தானா?

பேப்பர்கட்டு:
அப்படி ஒதுக்க முடியாது. அவரோட பலன் லேட்டாதான் வந்துச்சு. அவரே 1651ல அரசாங்கச் செய்தித்தாளுக்கு லைசென்ஸ் கொடுக்கிற வேலை பார்த்திருக்காரு, கத்தோலிக்கர்களுக்கு சகிப்புத்தன்மை கிடையாதுன்னு அரியோபஜிடிகாவுலயே சொல்லியிருக்காரு, இதையும் சேத்துத்தான் அவரைப் படிக்கணும். ஆனா 1679ல சார்ல்ஸ் பிளவுன்ட்ங்கிற எழுத்தாளர் மில்டனோட அந்த வாதங்களை எடுத்துச் சுருக்கி மறுபடி அச்சுல கொண்டு வந்தாரு. 1695ல லைசென்ஸ் சட்டத்தை நீட்டிக்காம விட்டப்ப தத்துவவாதி ஜான் லாக் பக்கத்துலேருந்து வந்த குறிப்பும் பார்லிமென்ட் சொன்ன காரணங்களும் பெரும்பாலும் ஏகபோகம், கட்டணம், தெளிவில்லாத சட்டம் பத்தினதுதான், மில்டனோட உயர்ந்த வாதம் இல்ல. அப்புறமும் எழுதினதுக்கு தண்டனை நிக்கல, எழுத்தாளர் டேனியல் டிஃபோவை 1703 ஜூலைல ஒரு பிரசுரத்துக்காக மூணு நாள் தண்டனைக் கட்டைல நிக்க வச்சாங்க. ஆனா அச்சடிக்கிறதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கணும்ங்கிறது போயிடுச்சு, அது திரும்ப வரவே இல்ல.