ஃபேமிலி குரூப்ல வர்ற "நம்ம ஊர்ல நாமளே சிறுபான்மை" கணக்கு எவ்வளவு உண்மை?

ஈசூன்_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க. எங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு வாரமா சண்டை ஓடுது, ஆரம்பிச்சு வச்சது சித்தப்பா. டெய்லி காலைல கோப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு ஃபார்வர்டு போட்டுடுவாரு. சிங்கப்பூர்ல இப்ப பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்களாம், 2030க்குள்ள 6.9 மில்லியன் ஆக்கிடணும்னு அரசாங்கம் டார்கெட் வச்சிருக்காம், சீக்கா ஒப்பந்தத்துல (இந்தியா-சிங்கப்பூர் பொருளாதார ஒப்பந்தம்) இந்தியாலேர்ந்து யாரு வேணும்னாலும் கேள்வி கேப்பாரில்லாம வந்து உக்காரலாமாம், வந்த ரெண்டே வருஷத்துல பிஆர் (நிரந்தரவாசம்), அப்புறம் குடியுரிமை, அப்புறம் பிடிஓ வீடு (அரசாங்கம் கட்டி விக்கற புது வீடு), ஆனா அவங்க பசங்களுக்கு என்எஸ் (கட்டாய ராணுவ சேவை) மட்டும் கிடையாதாம், நம்ம ஆளுங்க பிள்ளை பெத்துக்காததுக்கு காரணமே இவங்கதானாம். இதுல வேடிக்கை என்னன்னா சித்தியே 1994ல மன்னார்குடிலேர்ந்து கல்யாணமாகி வந்தவங்க. அதை குரூப்ல யாரும் வாயத் திறந்து சொல்றதில்ல.

நான் இங்கயே பொறந்து வளர்ந்தவன், என்எஸ் முடிச்சுட்டு இப்ப ரிசர்விஸ்ட் (என்எஸ் முடிச்சவங்கள அப்பப்ப கூப்பிடற பயிற்சி) போயிட்டிருக்கேன். காலைல எம்ஆர்டி ரயில்ல நசுங்கறப்ப எனக்கும் எரிச்சல் வரும், இல்லன்னு சொல்லல. ஆனா எனக்கு வேற தலைவலி. மூணு மாசத்துல கல்யாணம், பொண்ணு திருச்சி, இங்க எஸ் பாஸ்ல (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) வேலை பாக்கறா. எங்க வீட்டு வழக்கம், தாலி ஏறின அன்னிக்கே மருமகள குரூப்ல சேர்த்துடுவாங்க. அவ வந்து மேல தள்ளிப் பாத்தா இதெல்லாம் இருக்கும் (புதுசா சேர்றவங்களுக்கு பழசு தெரியாதுன்னு தங்கச்சி சொல்றா, ஆனா சித்தப்பா நாளைக்கும் போடுவாரே). அதனால நம்பர் தெரிஞ்சவங்க சொல்லுங்க, எது கட்டுக்கதை எது நிஜம்? கட்சி அரசியல் வேணாம் ப்ளீஸ்.

ரிட்டயர்டு_கணக்கு_வாத்தியார்:

தம்பி, முதல்ல தலையை எண்ணுவோம், அப்புறம் சண்டை போடலாம். 2024 ஜூன் கணக்குப்படி மொத்தம் 6.04 மில்லியன் பேரு. அதுல குடிமக்கள் 3.64 மில்லியன், நிரந்தரவாசிகள் 0.54 மில்லியன், மீதி 1.86 மில்லியன் தான் பாஸ்ல இருக்கறவங்க, வேலை, படிப்பு, கூட வந்த குடும்பம் எல்லாம் சேத்து. ஆக நூத்துக்கு அறுவது பேரு குடிமக்கள். "பாதிக்கு மேல வெளிநாட்டுக்காரங்க"ங்கறது தப்பு. ஆனா சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு ஏன் அப்படித் தோணுதுன்னா, 1990ல மொத்தமே 3 மில்லியன் சொச்சம், அதுல குடிமக்கள் நூத்துக்கு 86. அந்த ஊர்ல வளர்ந்தவருக்கு இந்த 60 சின்னதாத்தான் தெரியும், அவரு கண்ணு பொய் சொல்லல, கணக்குதான் தப்பு.

அடுத்து 6.9. அது 2013 ஜனவரில வந்த மக்கள்தொகை வெள்ளை அறிக்கை. அதுல 2030ல 6.5லேர்ந்து 6.9 மில்லியன் வரைக்கும் இருக்கலாம்னு போட்டிருந்தாங்க, ரோடு, ரயில், ஆஸ்பத்திரி, வீடு எல்லாம் எவ்வளவு கட்டி வைக்கணும்னு திட்டம் போட ஒரு எண்ணு. டார்கெட்னு வாசிச்ச ஜனங்க ஹோங் லிம் பூங்காவுல ஆயிரக்கணக்குல கூடிட்டாங்க. அரசாங்கம் அப்புறம் 2018லயே நாடாளுமன்றத்துல 2030ல 6.9ஐ விட நல்லாவே கீழதான் இருக்கும்னு சொல்லிடுச்சு. 2020 தேர்தல் சமயத்துல அதே கதைக்கு 10 மில்லியன்னு புதுச்சட்டை போட்டு விட்டாங்க, அதையும் அப்படி டார்கெட் ஒண்ணும் இல்லன்னு மறுத்தாங்க. அடுத்த தடவ இன்னும் பெரிய எண்ணோட வரும் பாருங்க.

"வெளிநாட்டுக்காரன்"னு ஒரே மூட்டையா கட்டறதுதான் இந்த ஃபார்வர்டுங்களோட முழு வித்தை. அந்த 1.86 மில்லியன்ல பாதிக்கும் மேல ஒர்க் பர்மிட்காரங்களும் (கட்டடம் மாதிரி உடலுழைப்பு வேலைக்கு வந்தவங்க) வீட்டு வேலைக்கு வந்த பொண்ணுங்களும். வீட்டு வேலைக்காரங்க மட்டுமே சுமார் 3 லட்சம். அவங்க யாரும் உங்க சித்தப்பாவோட பிடிஓ க்யூவுல நிக்கப் போறதில்ல, நிக்கவும் முடியாது.

கோப்பி_ஓ_கொசோங்:

வாத்தியாரே நம்பரெல்லாம் சரிதான், ஆனா "கட்டுக்கதை"ன்னு முத்திரை குத்தி எல்லாத்தையும் ஓரம் தள்ளிடாதீங்க. 2005ல 4.27 மில்லியன், 2010ல 5.08 மில்லியன். அஞ்சே வருஷத்துல எட்டு லட்சம் பேரு, எம்ஆர்டி அதே எம்ஆர்டி, பஸ் அதே பஸ், வீடு கட்டறதும் அந்த வேகத்துல இல்ல. 2011 தேர்தல்ல ஜனங்க கோபமா ஓட்டுப் போட்டது ஃபார்வர்டு படிச்சுட்டு இல்ல, அப்ப வாட்ஸ்அப்பே பாதிப் பேருகிட்ட கிடையாது லா. அரசாங்கமே அப்புறம் லெவிய (வெளிநாட்டு ஆளுக்கு முதலாளி கட்டற வரி) ஏத்தி, கோட்டாவ (கம்பெனில எத்தனை வெளிநாட்டு ஆள் வைக்கலாம்ங்கற வரம்பு) இறுக்கி, இபி (உயர் சம்பள வேலைக்கான பாஸ்) சம்பள வரம்ப ஏத்தி பிரேக் போட்டுச்சுல்ல, அப்ப பிரச்சினை நிஜமா இருந்துச்சுன்னுதானே அர்த்தம்.

சீக்காவும் அப்படித்தான். ஒப்பந்தம் 2005ல போட்டது, அதுல குடியுரிமை கொடுக்கணும்னு எதுவும் இல்ல, கதவைத் திறந்து விடணும்னும் இல்ல, எல்லாரும் அதே இபி ரூல்ஸ் தாண்டித்தான் வரணும். 2021 ஜூலைல நாடாளுமன்றத்துல அரசாங்கம் சொன்ன கணக்குல, கம்பெனிக்குள்ளயே மாத்தல் ஆகி சீக்கா வழியா வந்த இந்தியாக்காரங்க 2020ல ஏதோ ஐந்நூறு பேரு. இதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா அதே சபையில அதே நாள்ல மனிதவள அமைச்சர் சொன்னாரு, இபி வச்சிருக்கறவங்கள்ல இந்தியர் பங்கு 2005ல நூத்துக்கு 14, 2020ல 25. ஆஃபீஸுங்க நிறைஞ்ச சாங்கி பிசினஸ் பார்க் பக்கம் வேலை பாக்கறவன் ஆஃபீஸ் ஃப்ளோர்ல பாத்தது இந்த 25ஐ. அவன் பாத்தது நிஜம், காரணம் சொன்னது தப்பு. டெக் வேலைக்கு உலகம் பூரா ஆள் தேடினாங்க, அந்த ஆளுங்க இந்தியாலயும் சீனாவுலயும் நிறைய இருந்தாங்க. சீக்கா இல்லாட்டியும் வந்திருப்பாங்க.

இதுல அடி வாங்கினது யாருன்னா நாம. மூணு தலைமுறையா இங்க இருக்கற என்னைய டாக்ஸில "நீ எந்த ஊர்லேர்ந்து வந்தே, எப்ப திரும்பிப் போவே"ன்னு கேக்கறாங்க. நான் போறதா இருந்தா இதே சிங்கப்பூர்ல இருக்கற செம்பவாங்குக்குத்தான் போகணும்.

லாரி_பின்சீட்டு:

அண்ணே வணக்கம், நானும் அந்த 1.86ல ஒருத்தன். கட்டட வேலை, பதினோரு வருஷம் ஆச்சு. பிஆர் பத்தி பேசறீங்க, ஒர்க் பர்மிட்காரன் பிஆருக்கு அப்ளையே பண்ண முடியாது, நிராகரிக்கறாங்கன்னு இல்ல, ஃபாரமே எங்களுக்கு இல்ல. பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டு வந்து வச்சுக்க முடியாது. சிங்கப்பூர் பொண்ண கட்டிக்கணும்னா மனிதவள அமைச்சுகிட்ட முன்கூட்டி அனுமதி வாங்கணும். முன்னாடி இத்தனை வருஷம்தான் வேலை செய்யலாம்னு ஒரு வரம்பு இருந்துச்சு, 2025 ஜூலைலேர்ந்து அதை எடுத்துட்டாங்க, வயசு வரம்பும் 63 வரைக்கும் ஏத்திட்டாங்க. அதனால இனிமே முப்பது வருஷம் கூட இருக்கலாம், ஆனா முப்பதாவது வருஷமும் இதே அட்டைதான்.

இன்னொண்ணு, "சல்லிசா ஆள் கொண்டு வர்றாங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. முதலாளி எங்களுக்காக மாசா மாசம் அரசாங்கத்துக்கு லெவி கட்டறாரு, கட்டட வேலைல 2024லேர்ந்து ஸ்கில் லெவல் பாத்து 500 வெள்ளி இல்லாட்டி 900 வெள்ளி. அது போக ஆளுக்கு 5,000 வெள்ளி ஜாமீன் பத்திரம். இந்த லெவில ஒரு காசு எங்க கைக்கு வராது. நான் சல்லிசு இல்ல, எனக்குக் கொடுக்கறதுதான் சல்லிசு, ரெண்டும் வேற வேற.

எண்ணிக்கைன்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. 2020ல டார்மிட்டரில (தொழிலாளர் விடுதி) எங்கள உள்ள வச்சுப் பூட்டினப்ப டெய்லி சாயங்காலம் கொரோனா கணக்கு வரும், சமூகத்துல இத்தனை, டார்மிட்டரில இத்தனைன்னு ரெண்டு வரி. நாங்க ரூம்ல போன சுத்தி உக்காந்து பாப்போம். முதல் வரி ஒத்தை இலக்கத்துல இருக்கும், எங்க வரி நூத்துக்கணக்குல இருக்கும், ஊரே முதல் வரியப் பாத்து மூச்சு விடும். மக்கள்தொகைன்னு வந்தா மட்டும் எங்களயும் சேத்து ஒரே வரி, அப்பத்தான் கூட்டம் ஜாஸ்தின்னு சொல்ல வசதி.

ஈசூன்_தம்பி:

அண்ணே இந்த ரெண்டு வரி விஷயம் எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. அப்ப நான் வீட்ல உக்காந்து முதல் வரிய மட்டும்தான் பாத்தேன்.

என்எஸ், வீடு பத்தி யாராவது? அதுலதான் சித்தப்பா ரொம்பப் புடிவாதமா நிக்கறாரு.

புக்கிட்_பாத்தோக்_அக்கா:

தம்பி நான் சொல்றேன், எங்க வீட்லயே நடந்ததுதான். வீட்டுக்காரர் இபில வந்தாரு, நான் டிபெண்டன்ட் பாஸ்ல (கூட வர்ற குடும்பத்துக்கான பாஸ்), ரெண்டு வருஷம் இல்ல எட்டு வருஷம் கழிச்சு பிஆர் கிடைச்சுது, அதுவும் மூணாவது தடவ அப்ளை பண்ணினப்ப. எந்த காரணமும் சொல்ல மாட்டாங்க. வீட்டுக்காரருக்கு என்எஸ் கிடையாது, அது நிஜம், பெரியவனா வந்து முதல் தலைமுறையா பிஆர் வாங்கறவங்களுக்கு பொதுவா விலக்கு. ஆனா அப்பா அம்மா வழியா பிஆர் ஆன பையனுக்கு கட்டாயம் உண்டு. எங்க பெரியவன் தெக்கோங் தீவு ராணுவ முகாம்ல மொட்டை அடிச்ச அன்னிக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். என்எஸ் போகாம பிஆர விட்டுட்டுப் போற பையனுங்களும் இருக்காங்க, சித்தப்பா கோபம் அங்கேர்ந்து வந்ததா இருக்கலாம், ஆனா அப்படிப் போனவன் பின்னாடி படிக்கவோ வேலைக்கோ திரும்பி வர பாஸ் கேட்டா அதைக் கணக்குல எடுத்துப்பாங்க.

வீடு: புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே பிஆர்னா பிடிஓ கிடையாது, ஏற்கெனவே ஒருத்தர் வச்சிருக்கற வீட்ட வாங்கற ரீசேல்தான், அதுவும் பிஆர் ஆகி மூணு வருஷம் கழிச்சு. பிஆரும் இல்லாத வெளிநாட்டுக்காரர் காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கினா 2023 ஏப்ரல்லேர்ந்து கூடுதல் முத்திரை வரியே நூத்துக்கு 60. இதுல எங்க ஃப்ரீ வீடு?

இந்த இன விகிதாச்சாரம் (பிளாக்குக்கு எந்த இனம் எத்தனை வீடுங்கற கோட்டா) இருக்கே, 1989லேர்ந்து எச்டிபி அரசாங்க வீட்டுல, அது வேற கதை. பிளாக்ல சீனர் கோட்டா நிரம்பிடுச்சுன்னா இந்தியர் தன் வீட்ட சீனருக்கு விக்க முடியாது. எங்க மேல் மாடி அம்மா இங்கயே பொறந்தவங்க, மாசக்கணக்குல வீடு விக்க முடியாம நின்னாங்க. புதுசா வந்தவங்களாலதான் கோட்டா நிரம்பிடுச்சுன்னு என்கிட்டயே சொன்னாங்க. நான் என்ன சொல்ல, லிஃப்ட்ல தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

ரிட்டயர்டு_கணக்கு_வாத்தியார்:

கோட்டா பத்தி அக்கா சொன்னதோட ஒரு வரி. குடிமக்கள்ல சீனர் சுமார் 76, மலாய்க்காரர் 15, இந்தியர் ஏழரைங்கற விகிதம் பல வருஷமா பெருசா நகரவே இல்ல. யாருக்கு குடியுரிமை கொடுக்கறதுங்கறதுலயே அந்த சமநிலைய பாத்துக்கறாங்க, அதை வெளிப்படையாவும் சொல்றாங்க. வருஷத்துக்கு ஏறக்குறைய இருபதாயிரம் சொச்சம் பேரு குடியுரிமை வாங்கறாங்க, பாதிக்கு மேல தென்கிழக்கு ஆசிய நாடுகள்லேர்ந்து வந்தவங்க. ஆக "இந்தியா வந்து முழுங்கிடும்"ங்கறதுக்கு இடமே இல்ல.

இப்ப பிள்ளை கணக்கு. எனக்கு இதுதான் முக்கியம், குரூப்ல இது ஓரமா கிடக்குது. 1960ல ஒரு பொண்ணுக்கு சராசரியா அஞ்சரைக்கு மேல பிள்ளைங்க. 1972லேர்ந்து "ரெண்டோட நிறுத்துங்க"ன்னு பிரசாரம், மூணாவது நாலாவதுக்கு பிரசவக் கட்டணம் ஏறும், ஸ்கூல் சேர்க்கைல முன்னுரிமை குறையும். எங்க அம்மா என் கடைசித் தம்பிய வயித்துல வச்சுட்டு வெளிய போகவே கூச்சப்பட்டாங்க. 1970கள் நடுவுலயே ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடு கட்ட வேண்டிய 2.1க்கு கீழ போயாச்சு. அப்ப ஏது இபி, ஏது சீக்கா? 1987ல அப்படியே திருப்பி "முடிஞ்சா மூணு இல்லாட்டி அதுக்கும் மேல"ன்னாங்க. 1988 டிராகன் வருஷத்துல (பிள்ளை பெத்துக்க ராசியானதுன்னு சீனர் நம்பற வருஷம்) 1.96 வரைக்கும் எழும்புச்சு, அவ்வளவுதான். 2001ல பேபி போனஸ், இப்ப முதல் ரெண்டு பிள்ளைக்கு ஆளுக்கு 11,000 வெள்ளி, ஆனா 2023ல 0.97, டிராகன் வருஷமான 2024லயும் அதே 0.97. டிராகனே கைவிட்டுடுச்சு.

வந்தவங்கதான் இதைச் சரி பண்ணுவாங்கன்னு சொல்றதும் அரைக்கதைதான். வந்தவனுக்கும் வயசாகும், அவனும் இங்க வந்தா ஒரு பிள்ளையோட நிறுத்திடறான். குடிமக்கள்ல 65 தாண்டினவங்க 2014ல எட்டுல ஒருத்தர், 2024ல அஞ்சுல ஒருத்தர், 2030ல நாலுல ஒருத்தரா இருக்கும். குடியேற்றம் அந்த வேகத்தக் கொஞ்சம் தள்ளிப் போடும். நான் ஏற்கெனவே அந்த அஞ்சுல ஒருத்தன், அதனால எனக்கு அவசரம்.

கோப்பி_ஓ_கொசோங்:

வாத்தியார் சொன்னதுல பிள்ளை கணக்க ஒத்துக்கறேன். விகிதம் பத்தி மட்டும் ஒண்ணு: அது குடிமக்கள் கணக்கு, ஜனங்க தெருவுல பாக்கறது எல்லாரையும் சேத்து. அந்த ரெண்டு கணக்கையும் கலக்கறதாலதான் பாதி சண்டை.

தம்பி, உன் கல்யாணத்துக்கு ஒரு நம்பர் தர்றேன், இங்க சிங்கப்பூர் குடிமக்கள் பண்ணிக்கற கல்யாணத்துல ஏறக்குறைய மூணுல ஒண்ணு குடிமகன் அல்லாதவங்களோட. இதையும் குரூப்ல போடு.

புக்கிட்_பாத்தோக்_அக்கா:

போடறதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேளு தம்பி. அப்புறம் ஐசிஏல (குடிநுழைவு ஆணையம்) கல்யாணத்துக்கு முன்னாடியே லாங் டெர்ம் பாஸுக்கு ஒரு மதிப்பீடு உண்டு, எஸ் பாஸ் வேலை போயிட்டா என்ன பண்றதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கங்க.

ஈசூன்_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. அவகிட்ட கேட்டேன், "போடு, ஆனா என் பேரு வேணாம்"னா. நேத்து ராத்திரி அந்த மூணுல ஒண்ணு கணக்க மட்டும் போட்டேன். சித்தப்பா ரெண்டு நீல டிக்கோட நிக்கறாரு, பதில் இல்ல. சித்திதான் தனியா மெசேஜ் அனுப்பிச்சாங்க, "1994லயும் மூணுல ஒண்ணா டா?"ன்னு.