சுமோவில் அந்த எட்டாவது வெற்றி

கணக்குப்பிள்ளை:
சுமோ என்ற ஜப்பானிய மல்யுத்தத்தில் சில ஆட்டங்களை விட்டுக்கொடுக்கிறார்கள் என்கிறேன். ஒரு தொடரில் 15 ஆட்டம். எட்டு ஜெயித்தால் தரவரிசையில் ஏற்றம், ஏழோடு நின்றால் இறக்கம். கடைசி நாளில் 7-7 (ஏழு வெற்றி, ஏழு தோல்வி) என்று நிற்பவர், ஏற்கனவே எட்டைத் தொட்ட 8-6 ஆளோடு மோதினால்? பொருளாதார ஆய்வாளர்கள் டக்கனும் லெவிட்டும் 1989 முதல் 2000 வரை நடந்த ஆட்டங்களை அலசி 2002-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பழைய பலத்தை வைத்துப் பார்த்தால் 7-7 ஆள் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஜெயிக்க வேண்டும். ஜெயித்ததோ கிட்டத்தட்ட 80 சதவீதம்.

களிமண் மேடை:
இதில் என்ன அதிசயம்? ஒருவனுக்கு வாழ்வா சாவா, மற்றவனுக்குக் கவலையே இல்லை. முட்டி பெயர்ந்துவிடுமோ என்று அவன் கொஞ்சம் ஒதுங்கித்தான் ஆடுவான். அதற்குப் பெயர் மோசடியா?

கணக்குப்பிள்ளை:
சரி, அதே இருவர் அடுத்த முறை மோதும்போது அன்று ஜெயித்தவர் 40 சதவீதம்தான் ஜெயிக்கிறார். வாங்கிய கடன் திரும்புகிறது. பத்திரிகைகள் ஊழலைக் கிளப்பும் காலத்தில் மட்டும் அந்த 80 காணாமல் போகிறது. வெறும் வேகம் என்றால் அப்போது எங்கே போயிற்று?

வழிப்போக்கன்:
கிரிக்கெட் போலத்தான், பின்னால் புக்கி இருப்பான்.

கணக்குப்பிள்ளை:
இல்லை நண்பரே, இது சம்பளத்தைக் காப்பாற்றும் பரஸ்பர உதவி. இரண்டாம் பிரிவான ஜூரியோவில் இருந்தால் மாதம் பத்து லட்சம் யென்னுக்கு மேல். ஒரு படி கீழே மகுஷிதாவில் மாதச் சம்பளமே கிடையாது. 2010-இல் பேஸ்பால் சூதாட்டத்தைத் துருவிய போலீஸார் வீரர்களின் கைப்பேசிகளைப் பிடித்தார்கள். அதில் அழிந்த குறுஞ்செய்திகளை மீட்டால், யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது, எவ்வளவு பணம், எப்படி விழுவது எல்லாம் இருந்தன. சிக்கியவர்களில் பலர் ஜூரியோக்காரர்கள். 2011 மார்ச் ஒசாகா தொடரே ரத்து. 1946-க்குப் பிறகு அதுவரை அப்படி நடந்ததில்லை.

களிமண் மேடை:
அது 2011. இப்போதைய முடிவுகளைப் பாருங்கள். 2022-இல் ஆறு தொடர், ஆறு சாம்பியன். 2020 ஜனவரியில் முதல் பிரிவின் கடைசி இடத்தில் இருந்த டொகுஷோரியு 14-1 என்று கோப்பையைத் தூக்கினார். கடைசி நாளில் ஓஸெகி (இரண்டாவது உயர்ந்த தரநிலை) தகாகெய்ஷோவைத் தள்ளிவிட்டு மேடையிலேயே அழுதார். இதையா விற்பார்கள்?

கணக்குப்பிள்ளை:
கோப்பை விற்கப்பட்டது என்று யார் சொன்னது? விற்றது எட்டாவது வெற்றியை. யாரும் கவனிக்காத நடுவரிசை ஆட்டம் அது. அங்கே எதிர்பாராத முடிவு வராது, எதிர்பார்த்ததுதான் வரும். டொகுஷோரியுவை வைத்து எந்தப் பக்கமும் வாதாட முடியாது.

களிமண் மேடை:
இப்போதெல்லாம் 7-7 ஆளை இன்னொரு 7-7 ஆளோடு கோத்துவிடுகிறார்களே, கவனித்தீர்களா? இருவருக்குமே எட்டு வேண்டும். அங்கே விற்க யாரிடம் என்ன இருக்கிறது?

கணக்குப்பிள்ளை:
அது நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் எல்லா 7-7 ஆளுக்கும் ஜோடி கிடைப்பதில்லை. மிச்சம் நிற்பவர் 8-6 ஆளிடம்தான் போய் நிற்கிறார். நான் பார்ப்பது அந்த ஆட்டத்தைத்தான்.