உதாமாரோ வரைந்தது பெண்களின் அன்றாட வாழ்க்கையைத்தானா?

செதுக்குளி எழுதியது:
ஜப்பானிய ஓவியர் உதாமாரோவின் மரக்கட்டை அச்சோவியங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டின் எடோ (இன்றைய டோக்கியோ) நகரப் பெண்களுடைய அன்றாட வாழ்வுக்குச் சான்றாகப் பலரும் காட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவருடைய சிறந்த படங்களை வெளியிட்ட பதிப்பாளர் ட்சுடாயா ஜூசாபுரோ, யோஷிவாரா பரத்தையர் குடியிருப்பின் வாயிலருகே கடை வைத்து, அதற்கான வழிகாட்டி நூல்களை விற்றுத் தொழிலில் காலூன்றியவர். அத்தகைய சந்தைக்காக வரையப்பட்ட முகங்களில் அம்மைத் தழும்பும் இல்லை, களைப்பும் இல்லை.

மாடத்துப்புறா எழுதியது:
களைப்பு இல்லை என்கிறீர்களே ஐயா, 1794ஐ ஒட்டி வெளிவந்த யோஷிவாராவின் பன்னிரண்டு வேளைகள் வரிசையில், நள்ளிரவு கடந்த, ‘எருது’ என்று பெயரிட்ட வேளையின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தூக்கம் கலையாத ஒரு பெண், ஒரு கையில் எரியும் திரியும் மறு கையில் தாளுமாக நின்று, காலால் செருப்பைத் துழாவுகிறாள். அந்த வரிசையின் எந்தப் படத்திலும் வாடிக்கையாளர் தலைகாட்டுவதில்லை. விளம்பரம் மட்டுமே நோக்கமென்றால் அவள் இப்படி அரைத்தூக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. யோஷிவாராவுக்கு வெளியே வந்தாலும், அவருடைய சமையலறைப் படத்தில் ஒருத்தி ஊதுகுழலால் அடுப்பை ஊத, கிளம்பிய புகைக்கு இன்னொருத்தி முகம் சுளிக்கிறாள். வேறொருத்தி கத்தரிக்காய் சீவுகிறாள்.

செதுக்குளி எழுதியது:
புகைக்குச் சுளிக்கும் அந்த முகமும் அழகாகவே சுளிக்கிறது என்பதுதான் என் வழக்கு. அச்சோவியம் உருவாகும் பட்டறையையே உதாமாரோ வரைந்திருக்கிறார். அதில் கட்டை செதுக்குபவரும் அச்சிடுபவரும் பெண்கள். உண்மையில் அந்தத் தொழில் ஆண்கள் கையில் இருந்தது. பட்டறையில் அழகிகளைக் கொண்டுவந்து உட்கார வைத்தவர், சமையலறையில் மட்டும் கண்டதைக் கண்டபடி வரைந்தார் என்று எதை வைத்து நம்புவது?

கோலமயில் எழுதியது:
இருவரும் அரசாங்கத்தை மறந்துவிட்டீர்கள். எடோவின் ஆசாகுசா பகுதியில் தேநீர்க் கடையில் பரிமாறிய ஒகிடாவையும் அரிசி அப்பக் கடைக்காரர் மகள் ஒஹிசாவையும் அவர் பெயரிட்டு வரைந்துகொண்டிருந்த 1793இல்தான், யோஷிவாராவைச் சேராத பெண்களின் பெயர்களைப் படங்களில் அச்சிடக் கூடாது என்று ஷோகுன் எனப்பட்ட படைத்தலைவரின் அரசு தடை விதித்தது. கற்பனை அழகிகளுக்கு எந்த அரசு தடை போடும்?

செதுக்குளி எழுதியது:
தடை பெயருக்குத்தான், முகத்துக்கு அல்ல. மூக்கிலும் கண்ணிலும் நூலிழை வேறுபாடு உண்டு என்பதை ஏற்கிறேன். ஆனாலும் ஆடையிலுள்ள குலச்சின்னத்தை மறைத்துவிட்டால், ஒகிடா யார், ஒஹிசா யார் என்று நம்மில் பலர் தடுமாறுவோம்.

மாடத்துப்புறா எழுதியது:
பட்டறைப் படத்தைச் சான்றாகக் கொண்டது பொருந்தாது. அதன் தலைப்பே அச்சோவியத் தயாரிப்பை உழவுத் தொழிலாகப் பாவித்து விளையாடுகிறது; அது வேடிக்கைப் படம் என்று வாங்கியவர்களுக்குத் தெரியும். சமையலறைப் படத்தை வாங்கியவர்களோ தினமும் அடுப்பூதும் வீட்டைச் சேர்ந்தவர்கள். ஊதுகுழலைப் பிடித்த விதம் பிசகியிருந்தால் அவர்களே சிரித்திருப்பார்கள். முகங்களை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் கைகளைப் பற்றியே பேசுகிறேன்.